ட்ரோனும் தரவும் ஐ.நா. அமைதிப்படையை எவ்வளவு மாற்றியிருக்கின்றன?

கேள்வி இது: "செயற்கைக்கோள், ட்ரோன், செயற்கை நுண்ணறிவு என்று இவ்வளவு வந்த பிறகும் ஐ.நா. அமைதிப்படையின் கண்முன்னே படுகொலைகள் நடக்கின்றனவே, ஏன்? தொழில்நுட்பத்தால் இந்தப் படையை உண்மையில் மேம்படுத்த முடியுமா?"

முடியும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் சில இடங்களில் உருப்படியாகவே மேம்பட்டும் இருக்கிறது. ஆனால் வானத்தில் கண் இல்லாததுதான் பெரிய குறை என்று பலரும் நினைப்பதை நான் ஏற்கவில்லை. சேதி வந்து சேர்வதற்கும் முகாமிலிருந்து வண்டி கிளம்புவதற்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறதே, மக்கள் சாவது அந்த நேரத்தில்தான். அந்த நேரத்தைக் குறைத்த கருவிகள் பலன் தந்தன. மற்றவை வரைபடத்தோடு நின்றன. காங்கோவை வைத்துச் சொன்னால் இது தெளிவாக விளங்கும்.

2008 நவம்பர் 4, 5 தேதிகளில் கிழக்கு காங்கோவின் வடக்கு கீவு மாகாணத்தில் கிவாஞ்சா என்ற ஊரில் குறைந்தது 150 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலான கொலைகளைச் செய்தது சி.என்.டி.பி. என்ற கிளர்ச்சிக் குழு. வீடு வீடாகப் போய் ஆண்களை வெளியே இழுத்துச் சுட்டார்கள். கூப்பிடு தூரத்தில், ஒரு மைல்கூட இருக்காது, ஐ.நா. முகாம் இருந்தது. அதில் சுமார் 120 இந்திய வீரர்கள். வெளியே என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவர்களில் யாருக்கும் உள்ளூர் மொழி தெரியாது, மொழிபெயர்ப்பாளரும் இல்லை. அந்த முகாமுக்கு மேலே ட்ரோன் பறந்திருந்தால்கூட எவ்வளவு உதவியிருக்கும் என்பது சந்தேகம். சுவாஹிலி தெரிந்த ஒருவர் முகாம் வாசலில் இருந்திருந்தால் நிச்சயம் உதவியிருக்கும்.

அடுத்து 2010. ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 2 வரை வாலிகாலே பகுதியில் லுவுங்கியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஆயுதக் குழுக்கள் 300க்கும் மேற்பட்டவர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கின. அருகில் இருந்த ஐ.நா. முகாம் கிபுவாவில், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி. அந்தப் பக்கத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. ஆகஸ்ட் 2ஆம் தேதி ஒரு ரோந்து அந்த வழியாகவே போய்வந்திருக்கிறது. நடந்ததை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. துப்பாக்கியோடு வந்து நிற்கும், தன் பேச்சு புரியாத ஓர் அந்நியனிடம் எந்தப் பெண் அதைச் சொல்வாள்?

இந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகு வந்த மாற்றத்தைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன், செய்திகளில் அது அதிகம் அடிபடாவிட்டாலும். 2010 வாக்கில் 'சமூகத் தொடர்பு உதவியாளர்கள்' என்று காங்கோ நாட்டவர்களையே வேலைக்கு எடுத்து, முகாம்களில் வீரர்களோடு தங்க வைத்தார்கள். சுற்றியுள்ள ஊர்களில் ஆசிரியர், சிறு கடைக்காரர், பெண்கள் சங்கத் தலைவி என்று ஊர் மதிக்கும் ஆட்களைப் பார்த்து அவர்களிடம் செல்போன் கொடுத்தார்கள். சிக்னலே இல்லாத இடங்களில் உயர் அதிர்வெண் ரேடியோ வைத்தார்கள். சமூக எச்சரிக்கை வலைப்பின்னல் என்று இதற்குப் பெயர்.

இது வேலை செய்யும் விதம் இப்படி. காட்டோரத்தில் ஆயுதத்தோடு ஆட்கள் போவதை ஒருவர் பார்க்கிறார். சிக்னல் கிடைக்கும் மேடு வரை நடந்து போய் முகாமில் இருக்கும் உதவியாளரை அழைக்கிறார், முடியாவிட்டால் மிஸ்டு கால் கொடுக்கிறார். எத்தனை பேர், எந்தத் திசை, என்ன உடை, என்ன மொழி பேசினார்கள் என்று உதவியாளர் கேட்டு, பக்கத்து ஊர்க்காரருக்கும் போன் போட்டுச் சரிபார்த்துவிட்டு, கம்பெனி கமாண்டரிடம் போய்ச் சொல்கிறார். கமாண்டர் கேட்பது பெரும்பாலும் மூன்று விஷயம்: எவ்வளவு தூரம், மழைக்குப் பிறகு ரோடு தாங்குமா, காங்கோ ராணுவம் பக்கத்தில் இருக்கிறதா. இந்தச் சங்கிலியில் விலை உயர்ந்த பொருள் என்று எதுவுமே இல்லை. ஆனால் ரீசார்ஜுக்குக் காசு இல்லாமலும், சார்ஜ் போட மின்சாரம் இல்லாமலும் இந்தச் சங்கிலி அறுந்துபோன ஊர்கள் உண்டு. அதனால் தொழில்நுட்பத்துக்கு நிதி ஒதுக்கும்போது சோலார் சார்ஜரும் டாக்டைம் செலவும் பட்டியலின் உச்சியில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, ட்ரோனுக்கு வருவோம். 2012 நவம்பரில் எம்23 கிளர்ச்சிக் குழு கோமா நகரைப் பிடித்தபோது அங்கே ஐ.நா. படை இருந்தும் தடுக்கவில்லை. அந்த அவமானத்துக்குப் பிறகு பாதுகாப்பு கவுன்சில் இறங்கிவந்து ட்ரோனுக்குச் சம்மதித்தது. 2013 டிசம்பரில் இத்தாலியத் தயாரிப்பான ஃபால்கோ கண்காணிப்பு விமானங்கள் கோமாவிலிருந்து பறக்கத் தொடங்கின. ஐ.நா. தானே ஏற்பாடு செய்து பறக்கவிட்ட முதல் ஆளில்லா விமானங்கள் அவைதான். ஆயுதம் கிடையாது, கேமராவும் ராடாரும் மட்டும். 2014 மே மாதம் கீவு ஏரியில் ஒரு படகு மூழ்குவதை ஃபால்கோ கண்டது. ஐ.நா. படகுகள் விரைந்து போய் 14 பேரைக் காப்பாற்றின. கண்டதும் கிளம்பினார்கள், உயிர்கள் தப்பின. எனக்கு இதுதான் நல்ல உதாரணம். ஏரிக்கரையில் படகு தயாராக இருந்ததால்தான் கேமரா பார்த்ததற்குப் பலன் கிடைத்தது.

அதே காங்கோவில் பெனி பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபரிலிருந்து அங்கே ஏ.டி.எஃப். என்ற குழு இரவு நேரங்களில் கிராமங்களில் புகுந்து வெட்டுக்கத்தியால் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. அடர்ந்த காடு, மேகமூட்டம், நாலைந்து பேராகப் பிரிந்து சாதாரண உடையில் வருபவர்கள். மேலிருந்து பார்த்தால் வயலுக்குப் போகிறவரும் அவர்களும் ஒன்றுதான். டாங்கிகளும் லாரிகளும் நகரும் போருக்காகச் செய்யப்பட்ட கருவியிடம் இந்த வேலையைக் கேட்க முடியாது.

இன்னொரு சம்பவம் இன்னும் கசப்பானது. 2014 ஜூன் 6ஆம் தேதி இரவு தெற்கு கீவுவில் முதாரூலே என்ற ஊரில் குறைந்தது 30 பேர் கொல்லப்பட்டார்கள். 9 கிலோமீட்டரில் ஐ.நா. முகாம். தாக்குதல் தொடங்கியதுமே முகாமுக்குத் தகவல் போய்விட்டது. தடுக்க யாரும் வரவில்லை. போன் வேலை செய்தது, சிக்னல் இருந்தது, சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். கிவாஞ்சாவில் மொழி தெரியவில்லை, லுவுங்கியில் சிக்னல் இல்லை என்று காரணம் சொல்லலாம். முதாரூலேவுக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது.

இது ஏதோ ஒரு முகாமின் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. ஐ.நா.வின் உள் மேற்பார்வை அலுவலகம் 2014ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. 2010 முதல் 2013 வரை பொதுச்செயலாளரின் அறிக்கைகளில் பதிவான, பொதுமக்கள் தாக்கப்பட்ட 507 சம்பவங்களை எடுத்துப் பார்த்தார்கள். அமைதிப்படை உடனே ஏதாவது செய்தது 101 சம்பவங்களில் மட்டும். ஐந்தில் ஒன்று. படை அனுப்பும் நாடுகள் தங்கள் தலைநகரிலிருந்து தனியாக உத்தரவு போடுவது, சண்டையில் இறங்கினால் சட்டச் சிக்கல் வருமோ என்ற பயம், இருக்கும் ஆள்பலம் போதாது என்ற எண்ணம் எல்லாம் காரணங்களாக வந்தன. எந்த மென்பொருளும் இவற்றைத் தொடாது.

ஈழத்தமிழர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. 2009ல் வன்னியில் அமைதிப்படை எதுவும் இல்லை, ஐ.நா. பணியாளர்கள் 2008 செப்டம்பரிலேயே கிளிநொச்சியை விட்டு வெளியேறியிருந்தார்கள். ஆனாலும் கொழும்பில் இருந்த ஐ.நா. குழு ஒன்று சாவுகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு சம்பவத்தை மூன்று தனித்தனி வழிகளில் உறுதிசெய்த பிறகே கணக்கில் சேர்த்தார்கள். அப்படிக் கறாராக எண்ணியும் ஜனவரி 20 முதல் மார்ச் தொடக்கம் வரை 2,683 பொதுமக்கள் இறந்ததாக அவர்கள் பதிவில் இருந்தது. செயற்கைக்கோள் படங்களும் ஐ.நா.விடம் இருந்தன. அந்த எண்களை முழுதாக வெளியே சொல்ல உயர்மட்டம் தயங்கியது. 2012 நவம்பரில் சார்லஸ் பெட்ரீ தலைமையிலான ஐ.நா.வின் சொந்த விசாரணைக் குழுவே இதைக் கடுமையாகக் குறை சொன்னது. தரவு சேகரிப்பது ஒரு துணிச்சல், அதை உரிய நேரத்தில் மேசையில் வைப்பது வேறொரு துணிச்சல். அந்த மாதங்களில் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லாமல் போனது.

மாலிக்குப் போவோம். 2013ல் தொடங்கிய மாலி அமைதிப்படையில்தான் ஐ.நா. வரலாற்றில் அதுவரை இல்லாத அளவுக்கு நவீனக் கருவிகள் குவிந்தன. 2014ல் நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அனைத்துவகைத் தகவல்களையும் ஒன்றுசேர்க்கும் ஒரு தனிப் பிரிவை அமைத்தன. ஜெர்மனி காவோ நகரிலிருந்து ஹெரான் ட்ரோன்களை இயக்கியது. நல்ல ஆய்வறிக்கைகள் வந்தன. ஆனால் அந்தப் பிரிவு தனக்கென்று ஒரு கணினி வலையமைப்பை வைத்திருந்தது. வடக்கு மாலியின் மணல் ரோட்டில் எரிபொருள் லாரிகளுக்குக் காவல் போய், புதைத்துவைத்த வெடிகுண்டுகளில் செத்துக்கொண்டிருந்த சாட், டோகோ, கினி, பங்களாதேஷ் வீரர்களுக்கு அந்த வலையமைப்பில் இடம் இல்லை. தகவல் யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் கைக்கு அது கடைசியாகப் போனது, சில நேரம் போகவே இல்லை. சில ஆண்டுகளில் அந்தப் பிரிவைப் படைத் தலைமையகத்தின் தகவல் பிரிவோடு இணைத்தார்கள். 2023 கடைசியில் மாலி அரசு கேட்டபடி படை வெளியேறியபோது உயிரிழந்த அமைதிப்படையினர் 300 பேருக்கு மேல். ட்ரோன் படம் அனுப்புகிற நாடும் உயிரைக் கொடுக்கிற நாடும் வேறு வேறாக இருக்கும்வரை, அந்தப் படம் யாருடைய சொத்து என்ற கேள்வியை முதலில் தீர்க்க வேண்டும்.

மாலி முகாம்களில் மோர்ட்டார் குண்டு வருவதை முன்கூட்டியே கண்டு எச்சரிக்கும் ராடார்களையும் பொருத்தினார்கள். தேவையானதுதான், பல உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் செலவுக் கணக்கைப் பார்த்தால் முகாமைக் காக்கும் தொழில்நுட்பம் ஊரைக் காக்கும் தொழில்நுட்பத்தைவிட எப்போதும் முந்திக்கொள்கிறது. இதை வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் குறைவு.

இப்போது தரவுக்கு. ஐ.நா. படைகள் பலவற்றில் 'சேஜ்' என்று ஒரு சம்பவப் பதிவேடு இருக்கிறது. எங்கே, எப்போது, என்ன வகைச் சம்பவம், யார் செய்தது, பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், தகவல் எங்கிருந்து வந்தது என்பதை எல்லாம் ஒரே வடிவத்தில் உள்ளிடுகிறார்கள். முன்பு ராணுவப் பிரிவு ஒரு எக்செல், போலீஸ் பிரிவு இன்னொன்று, மனித உரிமைப் பிரிவு வேறொன்று என்று வைத்திருந்தார்கள். ஒரே கொலை மூன்று இடத்தில் மூன்று எண்ணாக இருக்கும். அந்த நிலையிலிருந்து இது பெரிய முன்னேற்றம். மாதக்கணக்கில் சேர்ந்தால், கால்நடை இடம்பெயரும் பருவத்தில் எந்தப் பாதையில் மோதல் வரும், சந்தை நாளில் எங்கே வழிப்பறி நடக்கும் என்று கணிக்க வழி பிறக்கிறது.

ஆனால் இந்தப் பதிவேட்டைப் படிப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. ரோந்து போகும் இடத்திலிருந்துதான் தகவல் வரும். ரோந்து போவது வண்டி போகக்கூடிய ரோட்டில், பெரும்பாலும் பகலில். ஆகவே வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் ரோட்டை ஒட்டியே விழும். புள்ளி இல்லாத இடம் அமைதியான இடமாக இருக்கலாம், யாருமே எட்டிப் பார்க்காத இடமாகவும் இருக்கலாம். முகாம் ஒன்றை மூடினால் அடுத்த மாதம் அந்தப் பகுதியில் சம்பவ எண்ணிக்கை குறையும், பார்க்க ஆள் இல்லாததால். இந்தத் தரவை அப்படியே ஒரு கணினிக் கணிப்பு மாதிரிக்குக் கொடுத்தால், மேலும் ரோந்தை அதே ரோட்டுக்கே அனுப்பச் சொல்லும். செயற்கை நுண்ணறிவை இங்கே கொண்டுவர விரும்புகிறவர்கள் முதலில் 'கடைசியாக இந்தக் கிராமத்துக்கு யார், எப்போது போனார்கள்' என்ற ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேர்க்கட்டும்.

தொழில்நுட்பம் நன்றாகவே பொருந்திய இடமும் இருக்கிறது. சைப்ரஸில் கிரேக்க, துருக்கியத் தரப்புகளைப் பிரிக்கும் 180 கிலோமீட்டர் நீளமுள்ள இடைவெளிப் பகுதியை ஐ.நா. காவல் காக்கிறது. தலைநகர் நிகோசியாவில் கண்காணிப்பு கேமராக்கள் வைத்தார்கள். 2004ல் பாதுகாப்பு கவுன்சில் அங்கிருந்த படையை 860 ஆகக் குறைத்தது. நிலையான கோடு, இரண்டு பக்கமும் ஒழுங்கான ராணுவம், யார் கோட்டைத் தாண்டினாலும் போன் போட்டுப் பேச ஒரு அதிகாரி. அங்கே கேமரா காவலாளிக்குப் பதிலாக நிற்கலாம். கீவுவில் அப்படி ஒரு கோடே கிடையாது. 2025 அக்டோபரில் நிதி நெருக்கடியால் அமைதிப்படையினரில் சுமார் நான்கில் ஒரு பங்கைக் குறைப்பதாக ஐ.நா. அறிவித்தது. ஆள் போன இடத்தில் கேமராவை வைத்தால் போதும் என்று யாராவது சைப்ரஸைக் காட்டினால், நம்பிவிடாதீர்கள்.

அங்கே இருந்தது ஐ.நா. படை இல்லை என்றாலும் உக்ரைன் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். 2014 முதல் 2022 வரை ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் ஆயுதமில்லாக் கண்காணிப்புக் குழு கிழக்கு உக்ரைனில் இருந்தது. ட்ரோன்கள், இரவிலும் பார்க்கும் கேமராக்கள் எல்லாம் வைத்திருந்தார்கள். அந்த ட்ரோன்களைச் சுட்டார்கள், சிக்னலைக் குழப்பினார்கள். போரையும் தடுக்க முடியவில்லை. ஆனால் ஒன்றை அந்தக் குழு சரியாகச் செய்தது: போர்நிறுத்த மீறல்களை அன்றாடம் எண்ணி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டது. எங்கள் பக்கம் எதுவும் நடக்கவில்லை என்று எந்தத் தரப்பும் சுலபமாகச் சொல்ல முடியவில்லை. ஐ.நா. பதிவேடுகள் பெரும்பாலும் பூட்டியே இருக்கின்றன. சாட்சிகளின் பாதுகாப்புக்காகச் சிலவற்றைப் பூட்டத்தான் வேண்டும். மாவட்ட வாரியான எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிட எந்தத் தடையும் இல்லை.

இந்தியாவின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் பாதுகாப்பு கவுன்சிலுக்கு இந்தியா தலைமை வகித்தபோது, 18ஆம் தேதி தொழில்நுட்பமும் அமைதிகாப்பும் என்ற பொருளில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் தலைமையில் விவாதம் நடந்தது. இந்தப் பொருளில் கவுன்சில் தலைவரின் பெயரில் வரும் அறிக்கை முதல்முறையாக அன்று வந்தது. வீரர்களுக்குக் களநிலவரத்தை உடனுக்குடன் காட்டும் 'யுனைட் அவேர்' தளத்துக்கு இந்தியா 16 லட்சத்து 40 ஆயிரம் டாலர் கொடுத்தது. அதே மாதம் அமைதிகாப்புக்கான டிஜிட்டல் மாற்ற உத்தியையும் ஐ.நா. வெளியிட்டது. உளவு என்று சொன்னாலே உறுப்பு நாடுகள் முகம் சுளித்த காலம் ஒன்று இருந்தது. 2000ல் அமைதிப்படையைச் சீர்திருத்த ஐ.நா. அமைத்த லக்தர் பிராகிமி குழு ஒரு பகுப்பாய்வுப் பிரிவு கேட்டதற்கே எதிர்ப்பு வந்தது. 2017ல்தான் அமைதிகாப்பு உளவுக் கொள்கை என்ற ஒன்றை எழுதவே முடிந்தது.

எதிரிகளும் சும்மா இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலையில் காங்கோவில் ஐ.நா. படைக்கு எதிராக மக்கள் போராட்டம் மூண்டது. மக்களின் கோபம் நியாயமானது, அதன்மேல் செல்போன் வழியே பொய்ச் செய்திகள் எண்ணெய் ஊற்றின. 26ஆம் தேதி புடெம்போ முகாமில் இரண்டு இந்திய எல்லைக் காவல் வீரர்களும் ஒரு மொராக்கோ வீரரும் கொல்லப்பட்டார்கள். 2024ல் வடக்கு கீவுவில் ஜி.பி.எஸ். சிக்னலைக் குழப்பும் வேலைகளும் நடந்தன. அந்த ஆண்டு ஜூலையில் ஐ.நா.வின் நிபுணர் குழு, எம்23க்குத் துணையாக 3,000 முதல் 4,000 ருவாண்டா வீரர்கள் காங்கோவுக்குள் இருப்பதாக எழுதியது. பாதுகாப்பு கவுன்சில் உறுப்பினர்கள் எல்லோர் கைக்கும் அது போனது. 2025 ஜனவரி கடைசியில் எம்23 மறுபடியும் கோமாவைப் பிடித்தது. முதல் ஐ.நா. ட்ரோன் பறந்த அதே ஊர்.

அப்படியானால் பணத்தை எதில் போடலாம்? என் கையில் இருந்தால் வரிசை இப்படிப் போகும்: சமூகத் தொடர்பு உதவியாளர்களும் அவர்களின் போன்களும், காயம்பட்டவரை இருட்டிலும் தூக்கிவரும் ஹெலிகாப்டர், வெடிகுண்டு தாங்கும் வண்டிகள், அப்புறம் ட்ரோன். உகாண்டாவின் என்டெபியில் ஐ.நா. நடத்தும் தகவல்தொடர்புப் பயிற்சிப் பள்ளியை இன்னும் பெரிதாக்குவேன், ஏனென்றால் படை அனுப்பும் நாடுகளின் வீரர்கள் ஓராண்டில் மாறிவிடுகிறார்கள், கற்றதும் அவர்களோடு போய்விடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு எச்சரிக்கை அழைப்புக்கும் எத்தனை நிமிடத்தில் என்ன செய்தார்கள், செய்யவில்லை என்றால் யார் முடிவு என்று பதியச் சொல்வேன். இது மட்டும் ஒழுங்காக நடந்தால் 507ல் 101 என்ற கணக்கு மாறும், ஏனென்றால் பெயர் பதிவாகும் என்று தெரிந்த அதிகாரி வேறு மாதிரி யோசிப்பார்.

கடைசியாக, படை வெளியேறும்போது தரவு என்ன ஆகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2024 ஜூனில் ஐ.நா. படை தெற்கு கீவுவை விட்டு வெளியேறியது. எச்சரிக்கை வலைப்பின்னலில் இருந்த ஊர்க்காரர்களின் பெயரும் எண்ணும் தவறானவர் கையில் கிடைத்தால் அது நேராகக் கொலைப் பட்டியல் ஆகிவிடும். அந்தப் பதிவுகளில் எதை அழிப்பது, எதைக் குறியீடாக்கி ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவது, அந்த ஊர்க்காரர்கள் இனி யாரை அழைப்பது என்பதை வெளியேறும் தேதி குறிக்கும் அன்றே எழுதிவைக்க வேண்டும்.